ரிவர்ஸ் போட்டுப் பார்த்தீர்களா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

போன வாரம் என்னைக் கூப்பிட்டு டீயும் போண்டாவும் கொடுத்தீர்கள். பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியை ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் இனி உங்கள் வேலை என்று சொன்னீர்கள். ஆளுக்கொரு டேப்லெட்டும் காட்டினீர்கள். அதில் பார்க்க வேண்டிய சமாச்சாரங்கள் வரிசையாக இருந்தன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பாதியிலேயே அசந்துபோய் நான் போண்டாவுக்குத் திரும்பிவிட்டேன். "சார், இதுல ஏதாச்சும் விட்டுப் போச்சா?" என்று ஒரு தங்கை கேட்டாள். அப்போது வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

விட்டுப்போனது ஒன்று உண்டம்மா. டிரைவருக்கு இடது பக்கத்தில், விற்கிறவன் சார்பாக ஒரு ஆள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து வருவான் பாருங்கள், அவனைச் சோதிக்க உங்கள் டேப்லெட்டில் கட்டமே இல்லை. அந்த ஆளாகத்தான் நான் பல வருஷம் பிழைத்தேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய கார் யார்டு. பேர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் பிரியாணிக் கடை இருக்கிறது. வண்டி வாங்க வருகிறவர்களோடு டெஸ்ட் டிரைவ் போய் வருவதுதான் என் உத்தியோகம். கேட்டால் வழிகாட்டி என்பார்கள். உண்மையான வேலை பேசுவது. எந்த வண்டி எந்த இடத்தில் என்ன சத்தம் போடும் என்று எனக்கு அத்துப்படி. அந்தச் சத்தம் வருவதற்குச் சற்று முன்னால், "சாருக்குச் சொந்த ஊரு எது?" என்று கேட்டுவிடுவேன். ஓசூரில் இந்தக் கேள்விக்கு விழாத ஆளே கிடையாது. ஃபேக்டரி வேலைக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். ஊரைக் கேட்டவுடனே ஆற்றையும் குளத்தையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே கியர்பாக்ஸ் கதறிக்கொண்டிருக்கும், அவர் காதில் விழாது.

அதைவிடப் பெரிய ரகசியம் எங்கள் ரூட். யார்டுக்கு யார்டு ஒரு டெஸ்ட் டிரைவ் ரூட் வைத்திருப்பார்கள். எங்களுடையது கேட்டை விட்டு இடது பக்கம், சர்வீஸ் ரோடு, மறுபடி இடது, மறுபடி இடது, மறுபடி இடது, யார்டு வந்துவிடும். ஒரு மேடு கிடையாது, ஒரு ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, வலது பக்கம் திரும்பவே வேண்டாம். வண்டிகள் எல்லாம் கேட்டைப் பார்த்தே நிற்கும், அதனால் பின்னால் எடுக்கிற வேலையும் இல்லை. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே இன்ஜினைச் சூடு பண்ணி வைத்துவிடுவோம். அந்த ரூட்டில் சக்கரம் கட்டிவிட்டால் கட்டில்கூட ஜம்மென்று ஓடும்.

என்னிடம் முதன்முதலில் ஏமாறாதவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் ஒரு பெரியவர். பேர் கேட்டேன், சொல்லவில்லை. ஊர் கேட்டேன், "அத அப்பறம் சொல்றேன், நீ மொதல்ல ஓட்டு" என்றார். வண்டியில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏறாம எப்படிங்க பாக்கறது?"

"மாட்டு மேல ஏறியா மாட்ட பாக்கறாங்க? நீ ஓட்டு, நான் நடைய பாக்கறேன்."

நான் சர்வீஸ் ரோட்டில் மெதுவாக ஓட்ட, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். கொஞ்சம் வேகமாகப் போகச் சொல்லிவிட்டு ஓடியும் வந்தார். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் நான் அவரைப் பணம் கொடுக்காமல் விட்டுவிட்டுப் போகிறேன் என்று நினைத்து என்னை நிறுத்தப் பார்த்தார்கள். கடைசியில் அவர் கையைத் தூக்கி, "போதும் நிறுத்து. முன்னங்கால் ஒரு தடத்துல போவுது, பின்னங்கால் வேற தடத்துல போவுது. இது எங்கயோ உழுந்து எழுந்திருச்சது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். சூளகிரி பக்கத்தில் ஒரு லாரி அந்தக் காரை இடித்து, சேஸிஸ் வளைந்து, அடித்து நிமிர்த்தியது எங்கள் யார்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது எந்த வண்டி பார்க்கப் போனாலும் முதலில் வேறு ஆளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்று பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள், வேட்டி கட்டாயமில்லை.

இனி நான் வாங்குகிறவர்கள் பக்கம் மாறிய கதை. எட்டு வருஷம் இருக்கும். எங்கள் யார்டில் ஒரு வெள்ளை வேன் மூன்று மாதமாக நின்றது. ரிவர்ஸ் கியர் விழாது. மற்றபடி... மற்றபடி என்று நான் சொல்லப்போவதில்லை, கொஞ்ச நேரத்தில் நீங்களே கேட்பீர்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரங்கநாதா, இந்த வாரம் ஒண்ணு அந்த வேன் வெளிய போவணும், இல்ல நீ போவணும்" என்றார். எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. பையன் காலேஜில் இருந்தான். வேறு யார்டில் என்னை யார் எடுப்பார்கள்?

அந்த வியாழக்கிழமை முனிரத்தினம்மா வந்தார். கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். சமைத்து ஃபேக்டரிக்குச் சாப்பாடு போடுகிறவர். நாற்பது வயது இருக்கும், வண்டி நன்றாக ஓட்டுவார். கூட அவர் புருஷன் கிருஷ்ணப்பா. அவர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார், அன்றைய கணக்கில் காலையிலேயே இரண்டைச் செலவழித்துவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா என்னிடம் தமிழிலும் புருஷனிடம் தெலுங்கிலும் பேசுவார். மிருகங்களிடம் மட்டும் கன்னடம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விஷயத்தை அவரே சொன்னார். சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் தினமும் மத்தியானச் சாப்பாடு போட ஆர்டர் வருகிற மாதிரி இருக்கிறது. வாடகை ஆட்டோவை நம்பி ஏற்கெனவே ஓர் ஆர்டரைத் தொலைத்தாகிவிட்டது, ஒரு நாள் ஆட்டோக்காரர் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால் வீட்டிலிருந்த இரண்டு கறவை மாட்டையும் விற்றாகிவிட்டது. அந்தக் காசில் திங்கட்கிழமைக்குள் சொந்த வண்டி வேண்டும்.

எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் பதினேழு வருஷப் பழக்கம் லேசில் விடாது. கதவைத் திறந்துவிட்டு, "ராசியான வண்டிம்மா" என்றேன்.

கேட்டை விட்டு வெளியே வந்ததும், "இடது பக்கம்மா" என்றேன். அவர் வலது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டார்.

"எங்க ஊரு வரைக்கும் ஒரு எட்டு போய் வந்துடலாம்ணா. மாமியாருக்கு வண்டிய காட்டணும், அவங்க சரின்னா சரி."

வாங்குகிறவர்கள் வீட்டில் காட்டுவது வழக்கம்தான், தடுக்க முடியவில்லை. வலது பக்கம் திருப்பியதும் வேன் கடகடகடவென்றது. நான் பலமாக இருமினேன். அடுத்த வலது திருப்பத்தில் மறுபடி கடகட, மறுபடி இருமினேன். மத்திகிரியைத் தாண்டியபோது அந்த அம்மா அக்கறையோடு கேட்டார், "ஏண்ணா, ரைட்ல திரும்பினா மட்டும் உங்களுக்கு இருமல் வருதே, ஆஸ்பத்திரில காட்டினீங்களா?"

பேச்சை மாற்ற, "உங்களுக்குச் சொந்த ஊரு எதும்மா?" என்று என் பழைய ஆயுதத்தை எடுத்தேன். "இதாண்ணா. இப்ப அங்கதான போறோம்" என்றார். அத்தோடு என் ஆயுதம் மழுங்கிவிட்டது.

ஊருக்குள் போனால் மாமியாரைக் காணோம். மாமியார் செத்து ஆறு வருஷம் ஆகிறது என்று கிருஷ்ணப்பா தன் மூன்றாவது வார்த்தையைச் செலவழித்துச் சொன்னார். வீட்டு வாசலில் ஓர் அண்டா சோறு, ஓர் அண்டா முள்ளங்கிச் சாம்பார், ஒரு குண்டான் பொரியல், எல்லாம் துணி கட்டித் தயாராக இருந்தன. எனக்குப் புரிவதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"என்னம்மா இது?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. இன்னிக்குத்தான் அந்த ஃபேக்டரில ட்ரையல் சாப்பாடு. பன்னண்டரைக்குப் போவணும். பிடிச்சிருந்தாத்தான் ஆர்டரு. நாளைக்கு ஏத்தப் போற பாரத்த இன்னிக்கே ஏத்திப் பாத்தாத்தான வண்டி எப்படின்னு தெரியும்?"

டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி எங்கள் டீசலில் டெலிவரியை முடிக்கிறார். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இதைவிடச் சரியாக வண்டியைச் சோதித்த ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை. காலியாக ஓடும் வண்டி எல்லாம் நல்ல வண்டிதான். ஆறு பேர் குடும்பம் வண்டி வாங்கினால் ஆறு பேரையும் ஏற்றுங்கள். அரிசி மூட்டை ஏற்றப் போகிறவர் அரிசி மூட்டையோடு வரட்டும். அவர் தினமும் போகும் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

சாம்பாரைத் தூக்கிக்கொண்டு வேன் நன்றாகவே ஓடியது. கிருஷ்ணப்பா பின்னால் உட்கார்ந்து இரண்டு காலாலும் சாம்பார் அண்டாவை அணைத்துப் பிடித்திருந்தார். பெரிய ரோட்டில் ஏறப் போனால் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை வாட்சர்கள் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்கள். யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறதாம். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை, பஸ்ஸில் இருந்தவர்கள் தங்கள் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மணி பதினொன்றே முக்கால்.

"ஆனைக்கு எல்லாம் ட்ரையல் சாப்பாடுன்னா தெரியுமா" என்று சொல்லிவிட்டு முனிரத்தினம்மா பக்கத்து மண் பாதையில் வண்டியை இறக்கினார். ஒரு பக்கம் கேழ்வரகு, ஒரு பக்கம் முட்டைக்கோஸ், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். பம்ப்செட் கொட்டகையைத் தாண்டி ஒரு நூறடி போயிருப்போம். எதிரே பாதையை அடைத்துக்கொண்டு ஒற்றை யானை நின்றது.

கூட்டத்தோடு சேராத யானை. இரண்டு லாரி நீளத்துக்கு அப்பால் இருந்தது. துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தது. சாம்பார் வாசனை எனக்கே பசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

முனிரத்தினம்மா பதறவில்லை. மெல்ல கியர் மேல் கையை வைத்தார்.

"அண்ணா, இதுல ரிவர்ஸ் மேலயா, கீழயா?"

பழக்க தோஷத்தில் நான் இருமினேன்.

"அண்ணா, மேலயா கீழயா?"

"எங்க போட்டாலும் ஒண்ணுதாம்மா."

"புரியல."

"ரிவர்ஸ் விழாதும்மா. மூணு மாசமா விழல."

அந்த அம்மா யானையை விட்டுவிட்டு முழுசாக என் பக்கம் திரும்பினார். எனக்கு யானையே பரவாயில்லை என்று இருந்தது.

"வேற?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லம்மா."

யானை ஓர் அடி முன்னால் வைத்தது.

"ரைட்ல ஒடிச்சா கடகடங்கும்."

"அது தெரியும், உங்க இருமல்லயே தெரிஞ்சுது. வேற?"

யானை இன்னோர் அடி வைத்தது.

"மீட்டர்ல கிலோமீட்டர் திருப்பி வெச்சது."

"வேற?"

"ரெண்டு ஓனர்னு சொன்னேன். நாலு ஓனர்."

பின்னாலிருந்து கிருஷ்ணப்பா தன் நாலாவது வார்த்தையைக் கேட்டார். "ஒழுவுமா?"

"ஒழுவும்" என்றேன். "மழை பேஞ்சா டிரைவர் தலை மேலயே ஒழுவும்."

இப்படியாக அந்த யானை ஒவ்வோர் அடி வைக்க வைக்க, ஹேண்ட் பிரேக், பின் டயர், பேட்டரி என்று எனக்குத் தெரிந்த எல்லாக் குறையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். உங்கள் டேப்லெட்டில் இருப்பது அத்தனையும் அன்றைக்கு நிமிஷ நேரத்தில் வந்துவிட்டது. கொட்டி முடித்ததும், சொன்னால் வெட்கமாக இருக்கிறது, எனக்கு மனசு லேசாகிவிட்டது. எதிரே யானை நிற்கிறது, எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

"செரி, எறங்கித் தள்ளுங்க" என்றார் அந்த அம்மா.

தம்பிகளே, வேனை முன்னால் தள்ள வேண்டுமென்றால் பின்னால் நின்று தள்ளுவோம். பின்னால் தள்ள வேண்டுமென்றால் எங்கே நிற்க வேண்டும்? வேனுக்கும் யானைக்கும் நடுவில், யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நானும் கிருஷ்ணப்பாவும் அப்படித்தான் நின்றோம். கைகளை வேன் முகத்தில் ஊன்றிக்கொண்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம்மாவின் முகம். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்ப்பார், அப்புறம் என் தோளுக்கு மேல் பார்ப்பார். புருவம் இறங்கினால் யானை நிற்கிறது, ஏறினால் நடக்கிறது. ஒரு முறை வாயைத் திறந்து மூடவே இல்லை. அப்போது நாங்கள் தள்ளிய தள்ளில் சாம்பார் துணியைத் தாண்டித் ததும்பிவிட்டது.

"தொய்யய்யா, தொய்யி!" என்று, தள்ளச் சொல்லிப் புருஷனைத் தெலுங்கில் விரட்டினார். "அண்ணா, பேசறதுல காட்டுற வேகத்த தள்றதுல காட்டுங்க!" என்று எனக்குத் தமிழில் ஒன்று. நடுவில் குரலைத் தணித்து, என் தலைக்கு மேலாக யானையிடம், "ஹோகப்பா, ஹோகு, ஒள்ளேவனு நீனு" என்று கன்னடத்தில் கெஞ்சினார். நல்லவன் நீ, போய்விடு என்று. பயத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுகிறேன் என்பதை மறைக்கக்கூட முடியவில்லை, முகத்துக்கு நேரே கண்ணாடி.

எவ்வளவு நேரம் தள்ளினோம் என்று தெரியாது. பம்ப்செட் கொட்டகையைத் தாண்டியதும், "போதும், ஏறுங்க!" என்று கத்தினார். கொட்டகையை ஒட்டி இடது பக்கம் ஒரு பாதை பிரிந்தது. வேனை முன்னால் எடுத்து இடது பக்கம் ஒடித்தார். இடது பக்கம் திரும்புவதில் மட்டும் அந்த வேனைக் குறை சொல்லவே முடியாது, பூப்போலத் திரும்பியது. எட்டிப் பார்த்தபோது யானை முட்டைக்கோஸில் இறங்கிவிட்டது. பாதை நடுவில் என் இடது கால் செருப்பு கிடந்தது. நான் போய் எடுக்கவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஃபேக்டரி கேட். அப்பாடா என்று மூச்சு விடப் போனேன். செக்யூரிட்டி ஓடி வந்து போர்டைக் காட்டினார். உள்ளே எல்லா வண்டியும் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும். ஆபத்து என்றால் முகம் வெளியே பார்த்து நிற்கிற வண்டி சட்டென்று கிளம்பும் அல்லவா, அதற்காக. இங்கே பல ஃபேக்டரிகளில் இதுதான் சட்டம். முனிரத்தினம்மா என்னைப் பார்த்தார். நான் இறங்கினேன். கிருஷ்ணப்பாவும் இறங்கினார். இந்த முறை யானை இல்லாததால் எங்களுக்கு ரொம்ப சுலபமாக இருந்தது.

தள்ளி நிறுத்தி நிமிர்ந்தால், மஞ்சள் ஹெல்மெட்டோடு சேஃப்டி ஆபீசர் நிற்கிறார். வேனையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வியர்வையைப் பார்த்தார். தொலைந்தது ஆர்டர் என்று நினைத்தேன். அவர் செக்யூரிட்டி பக்கம் திரும்பி, "பாத்தியாய்யா, உள்ள வந்ததும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டாங்க. ஆளுக்கு ஒரு பக்கம் நின்னு கைல தள்ளி நிறுத்தறாங்க. சப்ளையருன்னா இப்படி இருக்கணும்" என்றார். அப்புறம் என் காலைப் பார்த்து, "செருப்பு மட்டும் ரெண்டு போட்டுட்டு வாங்க" என்றார்.

அறுபது பேர் சாப்பிட்டார்கள். கேட்டுக் கேட்டுச் சாம்பார் வாங்கினார்கள். திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். முனிரத்தினம்மா அண்டா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். மாடுகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னை நினைத்தால் அசிங்கமாகவும் இருந்தது. ஆர்டர் வந்துவிட்டது, வண்டி இல்லை. இருந்த நாலு நாளில் ஒன்றை என் வேனில் வீணாக்கிவிட்டேன்.

யார்டுக்குத் திரும்பினோம். முதலாளி எழுந்து வந்து கும்பிட்டார். "என்னம்மா, வண்டி பிடிச்சுதா?"

என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்குப் பிடிச்சுதுங்க" என்றார் அந்த அம்மா. "ஆனைக்குத்தான் பிடிக்கல."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் புருஷனோடு வெளியே போய்விட்டார். முதலாளி என் காதருகே குனிந்து, "யாருய்யா ஆனை? மாமியாரா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் வேலை அன்றைக்குத் தப்பியிருக்கும். அந்த அம்மா அதற்காகத்தான் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார். நானும் ஆமாம் என்றுதான் தலையை ஆட்டப் போனேன். அதற்குள் முதலாளி, "செரி விடு. நாலு மணிக்கு ஊத்தங்கரைலருந்து ஒரு பார்ட்டி வருது. பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய் வர வண்டி வேணுமாம். இந்த வேனையே நம்ம ரூட்ல ஒரு சுத்து காட்டிடு" என்றார்.

மேசை மேல் இருந்த சாவியை அவர் பக்கமே தள்ளினேன். "ரிவர்ஸ் விழாதுன்னு சொல்லித்தான் காட்டுவேன், மொதலாளி" என்றேன். "இந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்." அவர் கத்தவில்லை. என் கணக்கை முடித்துக்கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதினேழு வருஷம் முடிய அவ்வளவு நேரம்தான் ஆனது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும் தம்பிகளே. வண்டி போக வேண்டும் என்று மேலே இருந்து ஒருத்தர் சொல்வார், உங்கள் வீட்டில் ஒரு காலேஜ் ஃபீஸ் இருக்கும். அன்றைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கே யானை வர வேண்டியிருந்தது. ஆகவே தைரியசாலி என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தேன். ரோட்டோரம் புளியமரத்தடியில் முனிரத்தினம்மாவும் கிருஷ்ணப்பாவும் பஸ்ஸுக்கு நின்றார்கள், பக்கத்தில் காலி அண்டாக்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"வேலை போச்சாண்ணா?"

"போச்சும்மா."

"சாப்பிட்டீங்களா?"

அப்போதுதான் நினைவு வந்தது. அறுபது பேர் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்த அம்மா ஒரு தூக்கைத் திறந்து, மிச்சம் இருந்த சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து கொடுத்தார். மரத்தடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணா இருக்கு?"

வாயில் இருந்ததை விழுங்கினேன். பசி நேரத்தில் சோறு போட்டவர். ஒரு நாள் முழுக்க என்னால் அலைந்தவர். என் வேலையைக் காப்பாற்றப் பார்த்தவர்.

"உப்பு ஒரு கல்லு ஜாஸ்திம்மா" என்றேன்.

கிருஷ்ணப்பா பயந்து என்னைப் பார்த்தார். முனிரத்தினம்மா இடுப்பில் கை வைத்தார். அன்றைக்குக் காலையில் அந்த மண் பாதையில் என்னைப் பார்த்த அதே பார்வை.

"அறுவது பேரு சாப்பிட்டாங்க. ஒருத்தன் சொல்லல."

"அவங்க சொல்ல மாட்டாங்கம்மா. ஆனா ஜாஸ்திதான்."

அவர் தூக்கை வாங்கி, ஒரு விரலால் சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் தொட்டுப் பார்த்தார். பிறகு தூக்கை மூடினார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்கண்ணா" என்றார். "பாகலூர் ரோட்டுல இன்னொரு யார்டு இருக்குது. எனக்கு வண்டி பாத்துக் குடுங்க."